தேவராஜ் அண்ணன் பின் மாட்ட மறக்கவில்லை

தேவராஜ் அண்ணன் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிற வீடியோ முப்பத்தெட்டு விநாடி ஓடுகிறது. "என் தப்புதாங்க. லாக் பின் மாட்ட மறந்துட்டேன். எல்லாரும் மன்னிச்சுக்கங்க" என்று அதில் சொல்கிறார். தலைமுடியெல்லாம் புல்தூசி. அவருக்குப் பின்னால் எங்கள் டிராக்டர், அதன் பின்னால் ஒரு பக்கம் தரையில் குத்திக்கொண்டு கிடக்கிற புதர் வெட்டும் மெஷின். வீடியோ எடுத்தது என் மாமா ஜமீர். அன்று சாயங்காலத்துக்குள் நசரத்பேட்டையில் அதைப் பார்க்காத போன் இல்லை.

அதில் அவர் சொல்வது பொய். சொன்னவருக்கும் அது தெரியும், சொல்ல வைத்தவருக்கும் தெரியும். அன்று காலை அந்தப் பின்னை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான். எனக்குத் தெரியாதா?

என் அப்பா, எங்கள் வீட்டில் அத்தா, ஷவுகத் அலி டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர். எங்கள் பக்கம் ஹைவேக்கு இரண்டு புறமும் மனை போட்டுவிட்டு அப்படியே கிடக்கிற இடங்கள் நிறைய. ஒரு மழை பெய்தால் கருவேலமும் கோவைக்கொடியும் ஆள் உயரத்துக்கு மண்டிவிடும். பக்கத்து ஃப்ளாட்காரர்கள் பாம்பு வருகிறது என்று கூப்பாடு போடுவார்கள். மனைக்காரர் அத்தாவைக் கூப்பிடுவார். டிராக்டருக்குப் பின்னால் மெஷினை மாட்டிக்கொண்டு தேவராஜ் அண்ணன் போவார். பதினோரு வருஷமாக அவர்தான் போகிறார்.

அம்மாவுக்கு முதுகு ஆபரேஷன் ஆனபோது நான் பத்தாவதைப் பாதியில் விட்டேன். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் திரும்பிப் போகவில்லை. வீட்டை ஒட்டித்தான் ஷெட். காலையில் டீ கொடுக்கப் போவேன், அப்படியே நின்றுவிடுவேன். ஆட்களிடம் எனக்குப் பேச வராது. இரும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பேச வேண்டியதில்லை.

மெஷினை டிராக்டரோடு பிடித்து வைத்திருப்பது மூன்று இடங்கள். கீழே இரண்டு இரும்புக் கைகள், மேலே நடுவில் ஒன்று. கையின் நுனியில் இருக்கிற துளைக்குள் மெஷினின் முளை நுழையும். அந்த முளை நழுவாமல் இருக்க, அதன் நுனியில் குறுக்கே ஒரு லாக் பின். விரல் நீளம்தான் இருக்கும். அதன் தலையில் ஒரு வளையம், மடக்கிவிட்டால் மறுபக்கம் கவ்விக்கொள்ளும். முந்நூறு கிலோ மெஷின் இந்த விரல் நீளப் பின்களை நம்பித்தான் போகிறது.

உழும்போது இந்தப் பின் எங்கேயும் போகாது. புதரில்தான் போகும். வெட்டாத பக்கத்துக் குச்சிகள் வண்டியை உரசிக்கொண்டே வரும். ஒரு கிளை வளையத்துக்குள் நுழைந்தால் போதும், நெம்பித் திறந்து பின்னைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். வாரத்துக்கு ஒன்று தொலையும். டிரைவர் சத்தத்தில் வேறுபாடு கேட்டு நிறுத்தினால் பிழைத்தது.

ஒருநாள் மனைக்கு டீ ஃபிளாஸ்க் கொண்டுபோனபோது ஒரு முள் என் தலைத்துணியில் குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கிக்கொண்டு போனது. அடுத்த நாளிலிருந்து மூடி போட்ட ஊக்கு குத்தினேன், அது போகவில்லை. அதைப் பார்த்துத்தான் பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி, மடக்கிய பின்னின் மேல் இறுக்கி மாட்டிப் பார்த்தேன். குச்சி ரப்பரில் வழுக்கிக்கொண்டு போனது. தேவராஜ் அண்ணன் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட போவலியே பாப்பா. இத்தினி வருஷம் இது எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார். அதன் பிறகு ஒன்றரை வருஷம் எங்கள் வண்டியில் ஒரு பின்கூடத் தொலையவில்லை.

தினமும் கிளம்புமுன் அவர் ஸ்பேனரால் ஒவ்வொரு பின்னையும் தட்டுவார். இடது, வலது, மேலே. நான் பார்த்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ண வேண்டும். நான் மூணு என்று சொன்னால்தான் சீட்டில் ஏறுவார். இப்படிப்பட்ட மனிதர் மறந்துவிட்டாராம்.

ஜமீர் மாமா அம்மாவின் தம்பி. வானகரத்தில் செல்போன் கடை வைத்து மூடிவிட்டு, நான்கு மாதம் முன்பு அத்தாவுக்கு உதவி செய்ய வந்தார். வந்ததும் விசிட்டிங் கார்டு, டீ ஷர்ட், வாட்ஸ்அப் குரூப். மனைக்காரர்கள், ஃப்ளாட் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள். வேலை தொடங்கும்போது ஒரு வீடியோ, முடிந்ததும் ஒரு வீடியோ. அந்த வீடியோவில் என் ரப்பர் வளையம் அவர் கண்ணை உறுத்தியது.

"இன்னா மச்சான் இது, டியூபைக் கிழிச்சுக் கட்டி வெச்சிகீறீங்க? குரூப்ல ஐடிகாரன்லாம் பாக்குறான். பிச்சைக்கார வண்டி மாதிரி கீது" என்றார் அத்தாவிடம். மறுநாள் பூந்தமல்லியிலிருந்து பளபளவென்று ஒரு பை நிறைய கிளிப் வாங்கிவந்தார். கொண்டை ஊசி போல வளைந்த கிளிப். ஒரு கால் துளைக்குள் போகும், மறுகால் வெளியே முளையைக் கட்டிப்பிடிக்கும், தலை வட்டமாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

தேவராஜ் அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது டிரெய்லருக்கு ஆவும் நைனா. புதர்ல நிக்காது. தலைய நீட்டிகினு கீது, கிளை இழுத்துடும்."

"நீ வண்டி ஓட்டு அண்ணாத்தே. ஸ்பேர் பார்ட்ஸ் நான் பாத்துக்கறேன்."

தேவராஜ் அண்ணன் அத்தாவைப் பார்த்தார். அத்தா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் வளையங்களும் பழைய பின்களும் அன்றே பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன. நான் கதவோரம் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மூன்றாவது நாள், வியாழக்கிழமை, ஒரு ஃப்ளாட் வளாகத்துக்குப் பின்புறம் இருக்கிற மனையில் வேலை. காலையில் நான் கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன், அவர் மாட்டித் தட்டினார், நான் எண்ணினேன். பதினொரு மணிக்கு இடது கை கழன்றது. மெஷின் ஒரு பக்கமாகத் தரையில் இறங்கி, சுழன்றுகொண்டிருந்த பிளேடு மனையின் எல்லைக்கல்லில் அடித்தது. தெறித்த கல் செக்யூரிட்டி அறைக் கண்ணாடியை உடைத்தது. உள்ளே உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி ராஜகுமாரி அக்காவின் முழங்கையில் கண்ணாடி கிழித்து ஏழு தையல்.

அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பத்தாவது நிமிஷம் மாமா போனைத் தூக்கிவிட்டார். அதற்கு முன் தேவராஜ் அண்ணன் தோளில் கையைப் போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாராம். மெஷின் சரியில்லை என்று சொன்னால் இனி ஒரு ஃப்ளாட்காரனும் பாயைக் கூப்பிட மாட்டான், டிரைவர் மறந்தான் என்றால் மனுஷன்தானே என்று விட்டுவிடுவான், உனக்கு ஒன்றும் ஆகாது, பாய் முகத்துக்காகச் சொல்லு என்றாராம். அத்தா பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை. பாய்க்காக என்று தேவராஜ் அண்ணன் கையைக் கூப்பினார்.

உனக்கு ஒன்றும் ஆகாது என்ற மாமா, அன்று ராத்திரியே சங்கத்துச் செயலாளர் விக்ரம், "அந்த டிரைவரை இனி எங்க கேம்பஸ் பக்கம் அனுப்பாதீங்க" என்று குரூப்பில் போட்டதும், "நிச்சயமா சார், அவரை நிறுத்தியாச்சு" என்று பதில் போட்டார். தேவராஜ் அண்ணனிடம் சொல்லக்கூட இல்லை. மறுநாள் காலை வழக்கம்போல ஆறரைக்கு ஷெட்டுக்கு வந்தவரிடம், "கொஞ்ச நாள் ஊட்ல இரு" என்றார்.

தேவராஜ் அண்ணன் சைக்கிளைத் திருப்பும்போது என்னிடம்தான் சொன்னார். "எம் பொண்ணு அம்பத்தூர் எஸ்டேட்ல வேலைக்குப் போவுதுல்ல. அது கூட வேலை பாக்குற பொண்ணு அந்த வீடியோவக் காட்டி, இந்தக் குடிகாரனால ஒரு லேடிக்குக் கையே போச்சாம்னு சொல்லிச்சாம். இவ, அது எங்கப்பான்னு சொல்லாம வந்துட்டா. நைட்டு சோறு துன்னல."

அவர் குடிக்க மாட்டார். பாக்குகூடப் போடுவதில்லை. கை நிறைய பொய்யை வாங்கிக்கொண்டு போன ஒருவருக்கு, வழியில் யாரோ இன்னொரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று பத்து மணிக்கு அம்மாவிடம் தயிர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த மனைக்குப் போனேன். மறந்திருந்தால் கிளிப் டூல் பாக்ஸில் இருக்க வேண்டும், இல்லை ஷெட்டில் கிடக்க வேண்டும். இரண்டு இடத்திலும் இல்லை. மாட்டியிருந்தால் அது புதரில்தான் இருக்க வேண்டும்.

மெஷின் விழுந்த இடத்தில் மண் கிளறிக் கிடந்தது. அங்கிருந்து டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். இடது பக்கம் வெட்டாத புதர். ஒவ்வொரு கிளையாகப் பார்த்தேன். கையெல்லாம் கீறல். இருபது இருபத்தைந்து அடி வந்திருப்பேன். முழங்கால் உயரத்தில், கருவேலங்கிளை ஒன்றின் கவட்டையில் வெயில் பட்டு மின்னியது. தலை வட்டத்துக்குள் கிளை நுழைந்திருந்தது. கம்மல் மாட்டியது போல அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கழற்றவில்லை. வேலியோரம் கிடந்த ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துக் கிளையையே கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்தேன்.

செக்யூரிட்டி அறையில் ராஜகுமாரி அக்கா உட்கார்ந்திருந்தார். ஏழு தையல் போட்ட மறுநாளே டியூட்டி. "இன்னாம்மா, முள்ளைத் தூக்கிகினு போற" என்று கேட்டார். நான் கிளிப்பைக் காட்டினேன்.

"அந்த ஆளு மறந்தான்னா சொல்றானுங்க?" என்றார். "வேலை ஆரம்பிச்சப்புறம் ரெண்டு தபா இறங்கி அந்த இடத்தத் தட்டிப் பார்த்துட்டு ஏறினான். நான் இங்க குந்திகினு பார்த்துகினு இருந்தேன். அடிபட்டது எனக்கு. என்னை ஒருத்தன் வந்து கேட்டானா?"

இரண்டு முறை தட்டியிருக்கிறார். கிளிப்பை நம்பாமல் வேலையை நிறுத்தி நிறுத்தி இறங்கிப் பார்த்திருக்கிறார். கிளையைக் கையில் பிடித்தபடி வேகமாக நடந்தேன். வீடு வரும்வரை நிற்கவில்லை.

ஷெட்டில் அத்தாவும் மாமாவும் இருந்தார்கள். கிளையை அத்தாவின் முன்னால் வைத்தேன்.

"கிளிப் இதுல மாட்டியிருந்துச்சு. அண்ணன் மறக்கல."

மாமா சிரித்தார். "அடடா, சிஐடி அம்மா வந்துட்டாங்க. சரியா மாட்டலன்னா விழாதா? அரைகுறையா சொருவியிருப்பான்."

"நான்தான் எண்ணினேன்."

"நீ எண்ணினா ஆச்சா? ஆளுங்க வந்தா உள்ள ஓடற. இப்ப மட்டும் வாய் வருது."

கிளையிலிருந்து கிளிப்பைக் கழற்றி மெஷினின் முளையில் மாட்டினேன், கடைசிவரை, இனி உள்ளே போகாது என்கிற அளவுக்கு. "மாமா, நீங்களே சரியா இருக்கான்னு பாருங்க" என்றேன். அவர் குனிந்து ஒரு அழுத்து அழுத்தி, "இப்ப கரெக்ட்" என்றார். நான் அந்தக் கருவேலங்கிளையை எடுத்து, வண்டி முன்னால் போனால் எப்படி உரசுமோ அப்படி முளையை ஒட்டி இழுத்தேன். முதல் முறை வழுக்கிக்கொண்டு போனது. மாமா வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது முறை இழுத்தேன். கிளிப் கிளையோடு வந்து அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

"கையால இழுத்தா எதுவும் வரும்."

"நீங்க இழுங்க அத்தா" என்றேன்.

அத்தா எழுந்தார். கிளிப்பை அவரே மாட்டினார். கிளையைப் பெரிய பலமில்லாமல்தான் இழுத்தார். வந்தது. இன்னொரு முறை மாட்டினார். வந்தது. மூன்றாவது முறை மாட்டவில்லை. கிளிப்பை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"தேவராஜ் சொன்னான்ல, புதர்ல நிக்காதுன்னு" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "நான் கேட்டுகினுதான் இருந்தேன்."

"விடுங்க மச்சான். நாளைக்கே பழைய மாதிரி பின்னு வாங்கிப் போட்டுடலாம். அவனையும் கூப்ட்டுக்கலாம், வேற சைட்டுக்கு அனுப்பலாம்."

அவ்வளவுதான். பின்னை மாற்றிவிடலாம், ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டும் மாமாவுக்கு ஒரே வேலை. எனக்கு ஷெட்டில் இருக்கிற சாமானையெல்லாம் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது.

அத்தா போன் செய்தார். சாயங்காலம் தேவராஜ் அண்ணன் வந்தார். அத்தா நடந்ததைச் சொல்லி, "எம் மேலதான் தப்பு தேவராஜ். நாளைக்கு வண்டிய எடு" என்றார்.

அண்ணன் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "நீங்க இங்க சொல்றீங்க பாய். நான் ஊருக்கே சொல்லிட்டேன்."

"இன்னா பண்ணணும்ற?"

"அதே குரூப்ல, அதே மாதிரி நின்னு, ஜமீர் சொல்லணும். நான் கை கூப்பச் சொல்லல. நடந்தத சொன்னா போதும். அது வந்தாதான் நான் வண்டி தொடுவேன்."

மாமா முகம் மாறியது. "இன்னா அண்ணாத்தே, சின்ன விஷயத்த இழுக்கற. வீடியோ எல்லாம் எல்லாரும் மறந்துட்டாங்க."

"எம் பொண்ணு மறக்கல."

மாமா அத்தாவைப் பார்த்தார். இந்த முறை அத்தா போனைப் பார்க்கவில்லை. தன் போனை என்னிடம் நீட்டினார். "எடும்மா" என்றார்.

முதல் தடவை மாமா, "ஒரு சின்ன டெக்னிகல் ஃபால்ட்டால" என்று ஆரம்பித்தார். தேவராஜ் அண்ணன் தலையை ஆட்டினார். நான் நிறுத்தினேன். இரண்டாம் தடவை, "பின்னு கழண்டுடுச்சு" என்றார். "தானா கழண்டுச்சா?" என்று அண்ணன் கேட்டார். மறுபடி நிறுத்தினேன். மூன்றாம் தடவை மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "டிரைவர் தேவராஜ் சரியாதான் மாட்டினாரு. பழைய பின்ன எடுத்துட்டு, புதர்ல நிக்காத கிளிப்ப வாங்கி மாட்ட வெச்சது நான். வேணாம்னு அவர் சொன்னாரு, நான் கேக்கல. மறந்துட்டேன்னு அவரை சொல்ல வெச்சதும் நான்தான்."

"இது போதும்" என்றார் அண்ணன். நான் குரூப்பில் அனுப்பினேன்.

அரை மணி நேரம் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல் வந்தது. அதற்குக் கீழே ஒருவர், நாளைக்குத் தண்ணி லாரி எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தார். நான்கு பேர் அதற்குப் பதில் போட்டார்கள். பொய் வந்த அன்று இதே குரூப்பில் நூற்றுக்கு மேல் பதில், கோபப்பட்ட முகங்கள், இவனையெல்லாம் உள்ளே போட வேண்டும் என்று ஒருவர். உண்மைக்கு இரண்டு கட்டைவிரல்.

"சரி உடு பாப்பா. பார்த்தவன் பார்த்தான்" என்று தேவராஜ் அண்ணன் சைக்கிளை எடுத்தார்.

என்னால் விட முடியவில்லை. குரூப்பில் இருந்த விக்ரம் சாரின் நம்பரைத் தொட்டேன். மணி அடிக்கும்போதே வைத்துவிடலாமா என்று இருந்தது. எடுத்துவிட்டார்.

"ஷவுகத் அலி பாய் பொண்ணு பேசறேன், சார். இப்ப ஒரு வீடியோ போட்டிருக்கோம். பார்த்தீங்களா?"

"இன்னும் ஓப்பன் பண்ணலம்மா. என்ன விஷயம்?"

சொன்னேன். எங்கோ ஆரம்பித்து எங்கோ போய், கிளிப், கிளை, எல்லாம் கலந்துதான் சொன்னேன். கேட்டார். "ஓகேம்மா, நல்லதாப் போச்சு" என்றார்.

"முதல் வீடியோவை நீங்க வேற யாருக்காவது அனுப்பினீங்களா, சார்?"

கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு மூணு குரூப்ல ஃபார்வேர்ட் பண்ணேன். சேஃப்டிக்காகத்தான். ஏன்மா, அது முடிஞ்ச விஷயம்தானே?"

"உங்களுக்கு முடிஞ்சுடுச்சு, சார். எந்தெந்த குரூப்னு சொல்லுங்க."

எங்கள் ஏரியா குரூப் ஒன்று, அவருடைய கிரிக்கெட் குரூப் ஒன்று. மூன்றாவது, பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிற ஆபீஸ் வேன் குரூப்.

நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். கேட் அருகே போயிருந்த தேவராஜ் அண்ணன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"அந்த மூணுலயும் இதையும் போடுங்க, சார்."

"போடறேன்மா. ஆபீஸ் கால்ல இருக்கேன், நைட்டு போடறேன்."

"இப்பவே போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

யாரோ இங்கிலீஷில் பேசுவது தூரத்தில் கேட்டது. அப்புறம் விரல் திரையில் படுகிற மெல்லிய சத்தம். "போட்டுட்டேன்மா. மூணுலயும்" என்றார்.

"வேன் குரூப்லருந்து யாராவது வேற எங்கயாவது அனுப்பியிருந்தா, அங்கயும் போடச் சொல்லி எழுதுங்க, சார்."

எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். காது சூடாக இருந்தது. குரூப்பில் அன்று கோபப்பட்ட முகம் போட்டவர்களின் பெயர்களைக் கீழே தள்ளிக்கொண்டே போய், அடுத்த நம்பரைத் தொட்டேன்.